அரசு சாரின் ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

எழிலரசன் என்ற பெயரைத் திருப்பதியில் யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. தெலுங்கு நாக்குக்கு ழகரம் பிடிபடாது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே பிரின்சிபால் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, "போனீலெண்டி, அரசு சார்" என்று, போகட்டும் விடுங்கள் என்கிற பாவனையில் முடித்துக்கொண்டார். அன்று முதல் அவர் அரசு சார்தான். அந்தச் சுருக்கம் அவருக்குப் பிடித்தும் போயிற்று.

நகரியில் விசைத்தறி ஓட்டிய அப்பாவுவின் மகன் அவர். ஒன்றாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்ஸி. வரை இரண்டாவதாக வந்த பழக்கமே கிடையாது. இப்போது ஒரு பெரிய தனியார் பள்ளியில், பொறுக்கியெடுத்த பிள்ளைகள் மட்டும் உட்காரும் பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறார். ஜூன் பிறந்தால் ரேணிகுண்டா ரோடு நெடுக ராங்க் வாங்கிய பிள்ளைகளின் முகங்களைப் போட்டுப் பேனர் கட்டுவார்கள். ஸ்கூட்டரில் போகும்போது அரசு சார் வேகத்தைக் குறைத்து அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே போவார். சொந்த நிலத்தில் விளைச்சல் பார்க்கிற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை.

அவர் மனைவி தாட்சாயணி சத்தியவேடு பக்கத்து வேர்க்கடலைக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். தாவரவியல் படித்தவள், படிப்பில் சுமார். கல்யாணமான புதிதில் சித்தூரில் குடியிருந்தபோது, அரசு ஆசிரியர் தேர்வுக்கு அவளை உட்காரவைத்துப் படிப்பித்தவர் அரசு சார்தான். அவள் அழுவாள், அவர் விடமாட்டார். இரண்டாம் தடவை தேறினாள். சந்திரகிரிப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. குடும்பம் திருப்பதிக்கு வந்ததும் அதனால்தான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், யார் தாட்சாயணியின் வேலையைப் பற்றி விசாரித்தாலும், "இவளுக்கு நான்தாங்க குரு" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். பொய்யில்லையே!

போன வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு அறக்கட்டளை விளம்பரம் செய்தது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வகுப்பு நடத்தப்போகிறார்கள். பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. பிள்ளைகள் தாமாக யோசிக்கவும், கேள்வி கேட்கவும், கேட்டதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கவும் பழக்க வேண்டும். அதற்கு ஓர் ஆசிரியர் தேவை.

"எனக்காவே போட்ட மாதிரி இருக்குது" என்றார் அரசு சார். தாட்சாயணிக்கும் சேர்த்து அவரே விண்ணப்பித்தார். தேர்வு நாளன்று தனியாகப் போய் உட்கார்ந்திருக்க அலுப்பு, பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் நல்லது என்பதற்கு மேல் அதில் வேறு எண்ணமில்லை. அவளுக்கு ஒரு மாதிரி வகுப்பையும் ஒளிச்சேர்க்கை பற்றி அவரே எழுதிக் கொடுத்தார்.

தேர்வு பாலாஜி காலனியில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் நடந்தது. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பின்வரிசையில் தேர்வாளர்கள், அவர்களுக்கும் பின்னால் மற்ற ஆசிரியர்கள். அரசு சார் ஒரு கணக்கை எடுத்து மூன்று வழிகளில் போட்டுக் காட்டினார். சாக்பீஸ் தேய்ந்து விரல் நுனிக்கு வரும்வரை கை நிற்கவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள். "சூப்பர் சார்!" என்றான் ஒருவன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது வேலை முடிந்தது என்றே நினைத்தார்.

தாட்சாயணி ஒளிச்சேர்க்கையை ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்திலேயே பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவள் சற்று நின்றாள். பிறகு மேசைமேல் இருந்த தன் பையில் கைவிட்டு, மத்தியானத்துக்கென்று கொண்டுவந்த நீலம் மாம்பழத்தை எடுத்தாள், கத்தியையும் எடுத்தாள். அரசு சாருக்குத் திக்கென்றது. பழத்தை எல்லாருக்கும் காட்டிச் சுற்றிவரச் செய்தாள். எங்கும் ஓட்டை இல்லை என்று பிள்ளைகள் சொன்ன பிறகு, அறுத்துக் கொட்டையைப் பிளந்தாள். உள்ளே கறுப்பு வண்டு ஒன்று கால் உதறியது.

"எப்படிப் போச்சு உள்ள?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள்.

யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. 'மாட்டிக்கொண்டாள்' என்று நினைத்தார் அரசு சார். பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. பிஞ்சாக இருக்கும்போதே வண்டு தோலின்மேல் முட்டை வைக்கிறது, புழு துளைத்துப் போன வழி காய் வளரும்போது மூடிக்கொள்கிறது. மனைவியைக் காப்பாற்ற வாய் திறக்கப் போனார். முன்னால் தேர்வாளர்களோடு இருந்த, ஹைதராபாத்திலிருந்து வந்த அம்மாள் திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

அப்புறம் ஒரு பையன், "யாராச்சும் ஊசி போட்டிருப்பாங்க" என்றான். சிரிப்பு. ஒரு பெண், "பூவா இருக்கும்போதே பூந்திருக்கும்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த இரட்டைப் பின்னல்காரி, "அப்பிடின்னா பிஞ்சுலயே காய்தம் சுத்திக் கட்டிவிட்டுப் பாக்கலாம். அதுல வண்டு இல்லன்னா அப்புறமா வெளிய இருந்துதான் வந்திருக்கு, பூவுலன்னு நெனச்சது தப்பு. இருந்துச்சுன்னா பூவுலயே பூந்ததுதான்" என்றாள். தேர்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாட்சாயணி கடைசிவரை பதில் சொல்லவே இல்லை.

வெளியே வந்ததும் அரசு சார் கேட்டார்: "நான் எழுதிக் குடுத்தத ஏன் வுட்டுட்ட?"

"பசங்க தூங்கிக்கினு இருந்தாங்க. பையில கை வுட்டேன், மாம்பழம் வந்துச்சு."

"பதிலாச்சும் சொல்லியிருக்கலாம்ல? உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிருப்பாங்க."

"நெனச்சா நெனச்சிக்கினு போறாங்க" என்று அவள் ஆட்டோவைக் கை காட்டினாள்.

ஒரு வாரத்தில் போன் வந்தது, தாட்சாயணிக்கு. அவள் அடுப்படியில் இருந்து, கையில் கரண்டியோடு, "எஸ் மேடம்… நானா மேடம்?" என்று மூன்று தரம் கேட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அரசு சார் தம்முடைய போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வாழ்த்தினார். மைசூர்பாகு வாங்கி வந்தார். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் அவள் படத்தைப் போட்டு, 'என் மாணவிக்கு வாழ்த்துகள்' என்று எழுதினார். அதற்கப்புறம்தான் பிடித்தது வினை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தவர் எண்ணிக்கை ஏற ஏற வயிற்றுக்குள் எதுவோ காந்தியது. அவருடைய மாணவன் ஒருவன் மாநில ராங்க் வாங்கியபோது போட்ட ஸ்டேட்டஸைக்கூட இத்தனை பேர் பார்க்கவில்லை.

பேசாமல் நின்றதற்கு ஒரு வேலையா? இந்த ஒரு கேள்வி அவரை விடவில்லை. குளிக்கும்போதும், வகுப்புக்கு நடக்கும்போதும் அதுதான். அவளுக்குப் பதில் தெரிந்திருந்தும் நின்றாளா, தெரியாமல் நின்றாளா? கேட்டுவிடலாம். ஆனால் தெரிந்துதான் நின்றேன் என்று சொல்லிவிட்டால்?

வகுப்புகள் தொடங்கி ஒரு மாதத்தில் தெலுங்குப் பத்திரிகையின் ஜில்லாப் பக்கத்தில் தாட்சாயணியின் படம் வந்தது, நாலு பிள்ளைகள் நடுவில். நகரியிலிருந்து அப்பாவு போன் செய்தார்.

"இன்னாபா எழிலு, மருமவ படம் பேப்பர்ல வந்துகீதாமே? தறிக்காரனுங்க எல்லாம் சொல்லிக்கினு கீறானுங்க."

"ஆமா நைனா."

"உன் படம் வரலியா?"

"எனக்கு எதுக்கு நைனா?"

"அதுவும் சரிதான். நீதான் பெரிய படிப்பாளின்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று கிழவர் வெள்ளைமனசாகச் சிரித்துவிட்டு வைத்தார். அரசு சார் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் உப்பு என்றார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இதைவிடப் பெரிய அடி வகுப்பறையில் விழுந்தது. மாம்பிஞ்சில் காகிதம் சுற்றச் சொன்ன அந்த இரட்டைப் பின்னல்காரி கீர்த்தி, அந்த ஜூனில் அவர் பிரிவிலேயே ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்திருந்தாள். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் கிருஷ்ணப்பாவின் மகள், திருப்பதியில் ஹாஸ்டல் வாசம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தாட்சாயணி வகுப்பில் முதல் ஆள். அரசு சாருக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, பேனரில் நடுவில் வரவேண்டிய முகம் அது. தம்முடைய முகம் என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டார்.

ஒரு நாள் ரயில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு ஊர்களிலிருந்து எதிரெதிரே இரண்டு ரயில் புறப்படுகிறது, எங்கே சந்திக்கும். கீர்த்தி கை தூக்கினாள்.

"சார், இந்த ரயிலு எங்கயும் நிக்காமயே போவுதே. வழியில சிக்னல் கெடைக்கலன்னா?"

வகுப்பு சிரித்தது. அவள் கேலிக்குக் கேட்கவில்லை.

"கணக்கு கேட்டத மட்டும் போடு" என்றார்.

"கணக்கு எத கேக்காம வுட்டுச்சோ அதையும் பாக்கணும்னு மேடம் சொன்னாங்க சார்."

மேடம். அந்த ஒரு சொல் அவர் காதில் ஊசி மாதிரி இறங்கியது. வீட்டில் தாட்சி என்று கூப்பிட்டால் ஓடிவருகிற, தன்னிடம் திட்டு வாங்கிப் படித்த ஒருத்தி, தன் வகுப்பறைக்குள்ளேயே, தன் கரும்பலகைக்கு முன்னாலேயே, மேடம் ஆகி நிற்கிறாள். கீர்த்தியை எழுந்து நிற்கச் சொன்னார். மணி அடிக்கும்வரை உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் பிரின்சிபாலைப் பார்த்தார். தம்முடைய பிரிவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேர டெஸ்ட் வைக்கலாம் என்றார். "பக்கத்து ஸ்கூல்ல ஆரம்பிச்சுட்டாங்க சார், நாம பின்தங்கிடக் கூடாது" என்றார். பிரின்சிபாலுக்குக் கசக்குமா? அந்த வாரமே அறிவிப்பு வந்தது. தாட்சாயணியின் வகுப்பும் ஞாயிறு காலைதான்.

வீட்டில், "மேனேஜ்மென்ட் ஆர்டர். நான் இன்னா பண்ண முடியும்?" என்று மட்டும் சொன்னார்.

தாட்சாயணியின் வகுப்பில் பாதிக்கு மேல் அவர் பிரிவுப் பிள்ளைகள். அவர்கள் நின்றுபோனார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றப் பள்ளிப் பிள்ளைகளும், கூட்டாளிகள் வராததால், ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்த தாட்சாயணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு பேரு. அஞ்சே பேருதான் வந்தாங்க. நான் சரியா நடத்தலியோ?"

அரசு சார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "இதெல்லாம் புது மோகம் தாட்சி. கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் அவங்க அவங்க மார்க்கப் பாக்கப் போயிடுவாங்க. நீ மனச வுடாத" என்றார். அவள் தோளில் கை வைத்திருந்தபோது அவருக்குள் ஒரு சுகம் பரவியது. சித்தூர் வீட்டில் அவள் அழுது, அவர் தேற்றிய பழைய நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்தச் சுகம் சாயங்காலம்வரைகூடத் தங்கவில்லை. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த அஞ்சு பேருக்கு அடுத்த வாரம் என்ன கேட்கலாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மறுபடியும் காந்தியது அவருக்கு.

விஷயம் வெளியானது கிருஷ்ணப்பாவால்தான். மகளைப் பார்க்க வந்தவர், ஒரு சனிக்கிழமை மாலை நேரே வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, பெரிய உடம்பு, கூச்சமான பேச்சு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தாட்சாயணியிடம் சொன்னார்:

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா ஒரே அழுவை. உங்க க்ளாஸுக்குப் போவாம இந்த ஊர்ல இருக்கமாட்டேன், மண்டிக்கே வந்துடறேன்னு சொல்லுது. நான் பிரின்சிபால் கிட்ட போயி, டெஸ்ட்ட சனிக்கிழமைக்கு மாத்தக் கூடாதான்னு கேட்டேன். அவரு 'மாதேமுந்தண்டி, அரசு சாரே அடிகாரு'ன்னு, எங்க கையில இன்னா இருக்குதுன்னு சொல்லிட்டாரு." பிறகு அரசு சார் பக்கம் திரும்பி, கும்பிடாத குறையாக, "சார், நீங்க கேட்டதாலதான் வெச்சாங்களாம். நல்லதுக்குத்தான் கேட்டிருப்பீங்க. ஆனா கொஞ்சம் தள்ளி வெக்கலாமுங்களா?" என்றார்.

அரசு சார் மின்விசிறியைப் பார்த்தார். தாட்சாயணி எழுந்தாள். உள்ளே போய்க் காபி போட்டு வந்தாள். மண்டியில் இந்த வருஷம் விலை எப்படி என்று விசாரித்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"மேனேஜ்மென்ட் ஆர்டருன்னு சொன்னீங்க."

அவர் காபி டம்ளரைத் தள்ளிவைத்தார்.

"நான் சரியா நடத்தலியோன்னு இத்தன வாரமா தூக்கம் கெட்டுக் கெடந்தேன். நீங்க பக்கத்துல உக்காந்துக்கினு தண்ணி குடுத்தீங்க."

"தாட்சி, அவங்களுக்கு ராங்க் முக்கியம். நீ நடத்தறதுல இன்னா கெடைக்கப் போவுது? நாளைக்கு எக்ஸாம்ல வண்டும் மாம்பழமும் கேப்பானா?"

"அது வேற பேச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "சித்தூர்ல நீங்க எனக்கு சொல்லிக்குடுத்தப்ப, உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியேன்னு அழுதிருக்கேன். உங்களுக்குத் தெரியாம போவட்டும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. உங்களுக்கு எப்படிங்க அப்படி நெனக்க மனசு வந்துச்சு?"

சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். கேட்டுவிட்டு அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சமைத்தாள், டிபன் கட்டினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். டெஸ்ட்டை மாற்றச் சொல்லி ஒரு தரம் கேட்டிருந்தால் மாற்றியிருப்பார். கேட்பாள் என்று காத்திருந்தார். அவளோ அறக்கட்டளையிடம் சொல்லித் தன் வகுப்பை ஞாயிறு சாயங்காலத்துக்கு நகர்த்திக்கொண்டாள். அதுவும் அவருக்குப் பிள்ளைகள் பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்தது. காலையில் மூன்று மணி நேரம் டெஸ்ட் எழுதி, கண் சிவந்து, விரல் வீங்கி வெளியே வரும் பிள்ளைகள், "சாயங்காலம் மேடம் க்ளாஸு" என்று ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு ஓடினார்கள். காலையில் அவரிடம் வரும்போது யாரும் அப்படி ஓடி வந்ததில்லை.

தாங்க முடியாமல் ஒரு ஞாயிறு அவரும் போனார். வகுப்பு நடக்கும் அந்தக் கல்லூரி மாடி வராந்தாவில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டார். உள்ளே இடமில்லாமல் பிள்ளைகள் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மலையில ஒரு நாளைக்கு எத்தன பேரு மொட்ட போட்டுக்குவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் தாட்சாயணி. "யாரையும் கேக்கக் கூடாது, போன் பாக்கக் கூடாது. கண்டுபிடிக்க வழி சொல்லுங்க." சொல்லிக்கொண்டே திரும்பியவள் அவரைப் பார்த்துவிட்டாள். பிள்ளைகளும் பார்த்தார்கள். அவர் நகரப் பார்ப்பதற்குள், "உள்ள வாங்க சார், உக்காருங்க" என்றாள். சார் என்று அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கடைசி வரிசையில் கீர்த்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்த உடனே அரசு சாரின் மூளை வேலையில் இறங்கிவிட்டது. கையைத் தூக்காமலே சொன்னார்: "எத்தன நாவிதர், ஒருத்தர் ஒரு மணிக்கு எத்தன தல, எத்தன மணி நேரம். பெருக்கினா வந்துடும்."

"நல்ல வழி" என்றாள் தாட்சாயணி. "வேற?"

"மொத்த பக்தர்ல இத்தன பங்குன்னு வெச்சுக்கலாம்."

"அதுவும் நல்ல வழி. வேற?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கணக்கில் வழி தெரியாமல் அவர் உட்கார்ந்தது ஆயுளில் அன்றைக்குத்தான். ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே பஸ் ஸ்டாண்டில் நின்று சந்தனம் பூசிய தலைகளை எண்ணலாம் என்றான் ஒருவன். முடியை எடை போடலாம். பிளேடு எத்தனை செலவாகிறது என்று பார்க்கலாம். தொப்பி விற்கிறவர்களைக் கவனிக்கலாம். "எங்க தாத்தாவ கணக்குல சேக்காதீங்க, அவருக்கு ஏற்கெனவே மொட்ட" என்றான் ஒரு குள்ளப் பையன். கட்டடமே அதிரச் சிரித்தார்கள். கீர்த்தி சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். "பஸ் ஸ்டாண்டுல எண்ணினா தப்பு வரும் மேடம். கார்ல வர்றவங்க அங்க வர மாட்டாங்க. கார்க்காரங்களும் பஸ்காரங்களும் ஒரே அளவு மொட்ட போடுவாங்களா, அது மொதல்ல தெரியணும்" என்றாள்.

அரசு சாருக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது. அவர் ஆறாவது படித்தபோது, மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று சொன்ன கணக்கு வாத்தியாரிடம், "கடன கடனால பெருக்கினா எப்படி சார் லாபம் வரும்?" என்று எழுந்து கேட்டார். வாத்தியார் விரல் முட்டியில் ஸ்கேலால் போட்டு, "தறிக்குழியில போயி கேளுடா" என்றார். வகுப்பு சிரித்தது. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். பிறகு கேள்வி கேட்டதே இல்லை. யார் கேட்டாலும் முதலில் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். இந்தக் குள்ளப் பயலைப் பார், தாத்தாவின் மொட்டையைச் சொல்லிவிட்டு அடி வாங்காமல் உட்கார்ந்திருக்கிறான்! இத்தனை நாளும் மனைவிமேல் என்று நினைத்திருந்த எரிச்சல் அப்படியே திரும்பி அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள்மேல் போய் நின்றது. இவர்களுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வயிறு பற்றி எரிந்தது.

வகுப்பு முடிந்து இருவரும் ஸ்கூட்டரில் வந்தார்கள். லீலாமஹால் சர்க்கிள் பக்கம் தள்ளுவண்டியில் காரம் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தினார். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, தோசையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு உம்மேல பொறாம, தாட்சி."

"தெரியும்."

"இப்ப அந்தப் பசங்க மேலயும்."

அதற்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அந்த மைனஸ் கதையைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்லாதது. அவள் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இப்ப கொறஞ்சிருக்குதா?" என்றாள் கடைசியில்.

"இல்ல. அப்படியேதான் இருக்குது."

"சரி, இருந்துட்டுப் போவட்டும். என்கிட்ட சொல்லிட்டு இருக்கட்டும். இன்னொரு தடவ மேனேஜ்மென்ட்டு மேல பழியப் போட்டீங்கன்னா, நான் சத்தியவேடு போயிடுவேன்" என்றாள். வண்டிக்காரனிடம் இன்னொரு தோசை கேட்டாள்.

அந்த வாரமே டெஸ்ட் சனிக்கிழமைக்குப் போயிற்று. பிரின்சிபாலிடம் என்ன சொன்னார் என்பது தெரியாது. கீர்த்தியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் சுபாவம் அப்படி. ஆனால் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, வழியில் ரயில் நின்றால் கணக்கு எப்படி மாறும் என்று போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவள் நாலு பக்கம் போட்டு வந்தாள். அதில் ஒரு தவறைக் கண்டுபிடித்து அவர் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இந்த வருஷம் பிள்ளைகள் கூடிவிட்டதால் அறக்கட்டளை இரண்டாவது ஆசிரியர் ஒருவரைத் தேடியது. அரசு சார் மறுபடியும் விண்ணப்பித்தார். இந்தத் தடவை யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. வகுப்பெடுக்கும்போது கேள்வி கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முடிந்தவரை நின்றும் பார்த்தார். கிடைக்கவில்லை. காளஹஸ்தியிலிருந்து ஜெபகுமார் என்று ஓர் இளவட்டம், பௌதிக ஆசிரியர், அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தாட்சாயணிதான் போனில் கேட்டுச் சொன்னாள். சொன்ன வேகத்தில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"அந்தப் பையன் இன்னா பெருசா கிழிச்சான்? நீங்க கெளம்பினப்புறம் நானும்தான் இருந்து பாத்தேன். பலூன ஊதிக்கினு, பிளாஸ்டிக் பாட்டில தட்டிக்கினு. நீங்க க்ளாஸ்ல மூணாவதா ஒரு கேள்வி கேட்டீங்களே, அது மாதிரி ஒண்ணு அவனால கேக்க முடியுமா?"

"சின்னப் பையன். நல்லாத்தான் பண்ணியிருப்பான்" என்றார் அரசு சார், ஒப்புக்கு.

"இன்னாத்த பண்ணான்! ஸ்டைலா தாடி வெச்சிருக்கான், அதப் பாத்து மயங்கிட்டாங்க. வயிறு எரியுதுங்க எனக்கு."

அரசு சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தாள். வேலை கிடைக்காத வருத்தத்துக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தப் பலூன்ல இன்னா பண்ணான், ஒண்ணு வுடாம சொல்லு" என்று உட்கார்ந்தார். குக்கர் விசில் அடிக்க அடிக்க, இருவரும் சேர்ந்து ஜெபகுமாரைக் கிழி கிழியென்று கிழித்தார்கள்.